கோட்டு கம்பெனித் தேர்தல்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. பெகு ரோட்டை நான் பாத்துப் பாத்து சலிச்சாச்சு. பையை மேல வைக்காதீங்க, வண்டி குலுங்கினா தலையில விழும். மடியிலயே வெச்சுக்குங்க. ஆங், அப்படித்தான்.

காரைக்குடிங்களா! எங்க தாத்தா தேவகோட்டைப் பக்கத்துலேர்ந்து கப்பல் ஏறினவரு. நான் பொறந்தது, வளந்தது, கல்யாணம் கட்டுனது எல்லாம் ரங்கூன்லதான். பேரு வைரவன். வெளியில கோ வின். இங்க எங்காளுங்களுக்கு ரெண்டு பேரு உண்டு, வீட்டுக்கு ஒண்ணு, குடியுரிமைக் கார்டுக்கு ஒண்ணு.

பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறப்போ கேட்டீங்களே, பட்டாளத்து ஆட்சி போயி ஜனநாயகம் வந்துருச்சே, எப்படி இருக்குன்னு. வெளியூர்லேர்ந்து வர்றவங்க எல்லாருமே அதைத்தான் கேக்குறாங்க. நான் சொல்ற பதிலும் ஒண்ணுதான். ஜனநாயகம் நல்ல விசயம். ஆனா என் பெண்டாட்டி எனக்கு ஓட்டுப் போடல.

சிரிக்காதீங்க. நெஜமாத்தான்.

நாட்டு எலெக்சன்ல இல்ல. அதுல நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் போயி விரல்ல மை வெச்சுக்கிட்டு வந்தோம். எனக்குக் கார்டு சரியா இருந்துச்சு, போட விட்டாங்க. எல்லாத் தமிழனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல, அது வேற கதை. எங்க அப்பா தொண்ணூறாம் வருசம் ஓட்டுப் போட்டவரு. அவரு ஓட்டுப் போட்ட கட்சி ஜெயிச்சுது. பட்டாளத்துக்காரங்க ரிசல்ட்டைப் பாத்தாங்க, சரிப்பான்னு சொல்லிட்டு அவங்களே ஆண்டாங்க. அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நான் ஜெயிச்சேண்டா, ஆனா எனக்கு யாரும் சொல்லலடான்னு.

நான் சொல்றது கம்பெனி எலெக்சன். கோட்டு கம்பெனி. லைங் தாயா தெரியுங்களா, ஆத்துக்கு அந்தப் பக்கம், பூராவும் தையல் கம்பெனிங்க. எங்க கம்பெனியில குளிர் கோட்டு தைப்போம். பனி பெய்யுற நாட்டுக்குப் போறது. இந்த ஊரு வெக்கைக்கு அதைப் போட்டுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல மயங்கி விழுந்துருவோம். பட்டாளம் ஆண்ட காலத்துல வெளிநாட்டுக்காரன் எங்ககிட்ட எதுவும் வாங்க மாட்டேன்னு இருந்தான். அவங்க போனதும் கதவு தொறந்துச்சு பாருங்க, கம்பெனியா வந்து எறங்குச்சு. அது வரைக்கும் சிம் கார்டு வாங்கணும்னா வீட்டை விக்கணும். அப்புறம் பாத்தா காய்கறிக்கடையில கொத்தமல்லி மாதிரி விக்கிறாங்க. தையல் மெசின்ல உக்காந்திருக்கிற பொண்ணு ஒவ்வொண்ணு கையிலயும் போனு.

நான் அங்க சூப்பர்வைசர். மைக்கும் என் கையிலதான் இருக்கும். காலையில பாட்டுப் போடுறது, லைனுக்கு லைன் வேலை சொல்றது, நடுவுல ஒரு ஜோக்கு அடிக்கிறது. இங்கிலீசும் கொஞ்சம் பேசுவேன். என் பெண்டாட்டி செண்பகம் அங்கேயே மெசின்ல இருந்தா. காலர் தைக்கிறது அவதான். பொண்ணுங்க அவளை 'அமா'ம்பாங்க. பர்மாக்காரங்க அக்காவை அப்படித்தான் கூப்புடுவாங்க.

முதலாளி வெளிநாட்டுக்காரரு. பிளேன்ல வருவாரு, சாப்புடுவாரு, போயிருவாரு. இங்க எல்லாமே கேப்டன்தான். பேரு ஊ டின் மவுங். பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. கம்பெனி இருக்கிற எடமே அவரோடதுதான். அவருக்கு அந்த எடம் எப்படி வந்துச்சுன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. நல்ல மனுசன் தம்பி. என்னைப் பேர் சொல்லிக் கூப்புடுவாரு.

ஒருநாள் கோட்டு வாங்குற கம்பெனியிலேர்ந்து எலின் மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. ஐரோப்பாவுல ஏதோ ஒரு ஊரு, பேரு வாயில நுழையாது. உசரமா, வெள்ளையா, ரொம்ப மரியாதை. எல்லாரையும் பாத்துக் கும்புடுது. கேப்டன் ரூம்ல உக்காந்து சொன்னாங்க, நான்தான் பர்மா பாசையில மாத்திச் சொன்னேன்: "தொழிலாளிங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கமிட்டி ஒண்ணு இருந்தாத்தான் அடுத்த ஆர்டர். எங்க நாட்டுல கோட்டு வாங்குறவங்க அதையெல்லாம் கேக்குறாங்க."

கேப்டன் முகத்தைப் பாக்கணுமே. "கோட்டு வாங்குறவனுக்கு என்னத்துக்கு எங்க எலெக்சன்? பொத்தான் சரியா இருக்கான்னு பாத்தாப் போதாதா?"ன்னாரு. நான் அதை, "கேப்டன் ரொம்ப சந்தோசப்படுறாரு"ன்னு மாத்திச் சொன்னேன். எனக்கு அந்த மாதிரி ஒரு நெளிவு சுளிவு உண்டு.

மேடம் போனதும் கேப்டன் என்னைக் கூப்புட்டாரு. "கோ வின், நீதான் நிக்கிற. பர்மாக்காரனை நிறுத்தினா கரேன்காரன் மொணங்குவான், கரேனை நிறுத்தினா ரக்கைன்காரன் மொணங்குவான். நீ நின்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணாது"ன்னாரு. எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க! எல்லாருக்கும் பொதுவான ஆளுன்னு அர்த்தம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "யாரு எதிர்த்து நிப்பாங்க?"ன்னு கேட்டேன். "எதுக்கு எதிர்த்து நிக்கணும்? தேர்தல்னா ஒழுங்கா நடக்கணும்"ன்னாரு.

அன்னிலேர்ந்து நான் வேலையா எறங்கிட்டேன். மைக்குல ரெண்டு பாட்டுக்கு நடுவுல என் பேரை நானே சொல்லுவேன். ஜெயிச்சா சாயங்காலம் பாட்டு நேரத்தைக் கூட்டுறேன்னு சொன்னேன். டீயோட கேக்கு தரச் சொல்றேன்னு சொன்னேன். நல்ல கைத்தட்டல். வீட்டுல செண்பகம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு சோறு போட்டா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "பின்கதவுச் சங்கிலியைப் பத்தி ஒண்ணும் சொல்லலயே நீங்க?"

பின்கதவுன்னா, தையல் ஹாலுக்குப் பின்னாடி ஒரு கதவு. கோட்டு திருடு போவுதுன்னு கேப்டன் சங்கிலி போட்டுப் பூட்டி சாவியைப் பாக்கெட்டுல வெச்சிருப்பாரு. "எலெக்சன் நேரத்துல எதுக்குடி சங்கிலிப் பேச்சு, ஜனங்களுக்குப் புடிச்சதைச் சொல்லணும்"னேன். அவ ரசம் ஊத்தினா.

சாயங்காலத்துல எங்க வீட்டுக்குப் பொண்ணுங்க வர ஆரம்பிச்சாங்க. முதல்ல நாலஞ்சு பேரு, அப்புறம் வாசல் பூரா செருப்பு. எல்லாரும் செண்பகத்தைச் சுத்தி உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. சீரியல்னு நெனச்சேன். நம்ம ஓட்டு வீட்டுக்கே வருதேன்னு நானே டீ போட்டுக் கொடுத்தேன். தீரின்னு ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணு, இங்க கடலோர டெல்டாப் பக்கத்துக் கிராமம், கலகலன்னு சிரிக்கும். "அண்ணே, டீ பிரமாதம்"னு சொல்லும். நான் இன்னொரு டம்ளர் ஊத்துவேன்.

அப்பத்தான் அந்தப் புகை.

முன்வாசல் பக்கம் இஸ்திரி போடுற எடத்துல வயரு சூடாகிப் பத்திக்கிச்சு. பெரிய நெருப்பெல்லாம் இல்ல தம்பி, ஆனா பஞ்சு கருகுற புகை இருக்கே, கண்ணைத் தொறக்க முடியாது. பொண்ணுங்க எல்லாம் பின்கதவுக்கு ஓடிருச்சுங்க. கேப்டன் ரூம்லேர்ந்து ஓடி வந்து, "கலவரமாயிரும், மைக்குல சொல்லு"ன்னாரு. நானும் சொன்னேன். "எல்லாரும் உக்காருங்க! ஒண்ணும் இல்ல! எல்லாரும் உக்காருங்க!" என் குரலைக் கேட்டுத்தான் பாதிப்பேரு நிதானமானாங்கன்னு நான் இன்னைக்கும் நம்புறேன்.

பின்னாடி கதவுகிட்ட நெரிசல். சங்கிலி வரவே மாட்டேங்குது. செண்பகம் தையல் ஸ்டூலைத் தூக்கி அடிச்சு அடிச்சுப் பூட்டை உடைச்சிருக்கா. காலர் தைக்கிற கை அது. தீரி கதவோரமா மாட்டிக்கிட்டு தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. வேற யாருக்கும் பெரிசா ஒண்ணும் ஆகல. புகையும் அடங்கிருச்சு.

ஆஸ்பத்திரியிலேர்ந்து செண்பகம் வந்தா. உள்ளங்கை பூரா கிழிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. நான், "பாத்தியா, மைக்குல நான் மட்டும் சொல்லாம இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சேன்.

"உங்க பேச்சைக் கேட்டு நானும் ஒரு நிமிசம் உக்காந்தேங்க"ன்னா.

அவ்வளவுதான். கோவமே இல்ல. தண்ணி கேக்குற மாதிரி சொன்னா. அப்புறம், "நானும் நிக்கப் போறேன்"னா.

"எங்க நிக்கப் போற?"

"எலெக்சன்ல."

"எனக்கு எதிராவா?"

"உங்களுக்கு எதிரா இல்லைங்க. நீங்க நிக்கிற எடத்துல."

எனக்குப் புரியல. இப்பவும் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா சரியாச் சொல்லத் தெரியாது. கேப்டன்கிட்ட போயி சொன்னேன். "பெண்டாட்டியை அடக்கத் தெரியலயா?"ன்னாரு. அவரு வீட்டுக்கு ஒருதடவை போயிருக்கேன். அவரு சம்சாரம் முன்னாடி அவரு தும்மக்கூட மாட்டாரு. அதைச் சொல்லவா முடியும்? தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். கேப்டன் செண்பகம் பேரை வெட்டலாம்னும் பாத்தாரு. ஆனா எலின் மேடத்துக்கு அதுக்குள்ள யாரோ போன்ல பேரு பட்டியலே அனுப்பிட்டாங்க. சீரியல் பாத்த பொண்ணுங்க வேலை.

தேர்தல் அன்னிக்கு ஹாலை மாலையெல்லாம் போட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி பண்ணிட்டாங்க. வெளிநாட்டுலேர்ந்து ரெண்டு பேரு வந்து ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அட்டைப்பெட்டி, தெரச்சீலை, சீட்டுல என் போட்டோ, அவ போட்டோ. கல்யாண போட்டோவுக்கு அப்புறம் நாங்க ஒண்ணா அச்சுல வந்தது அதுதான். தெரைக்குப் பின்னாடி நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காதீங்க. ரகசிய ஓட்டு.

எண்ணினாங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் ஒவ்வொரு சீட்டா விரிச்சுக் காட்டி எண்ணினாங்க. செண்பகம், செண்பகம், செண்பகம்... நடுவுல எப்பவாவது கோ வின். என் பேரு வர்றப்போ எல்லாம் பொண்ணுங்க பாவம்னு கை தட்டுச்சுங்க. நான் தோத்துட்டேன் தம்பி. சாதாரணத் தோல்வி இல்ல, மண்ணைக் கவ்வின தோல்வி.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வெக்கமா இருந்துச்சு, வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு இருந்துச்சு. இருந்தாலும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். எங்க அப்பா ஜெயிச்சும் அவருக்கு யாரும் சொல்லல. நான் தோத்தேன், மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. கேப்டனே எழுந்து நின்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, செண்பகத்துக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தாரு. இந்த நாட்டுல பட்டாளத்துக்காரர் ஒருத்தர், எண்ணுன ஓட்டுக்குத் தலை குனிஞ்சதை நான் கண்ணால பாத்தேன். ஐரோப்பாவுல எவனோ குளிருக்குக் கோட்டு வாங்கப்போயி நடந்தது அது.

கமிட்டி வந்துச்சு. பின்கதவுல கேப்டன் மறுபடி மாட்டுன சங்கிலி போச்சு. தீரிக்கு ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியே கொடுத்துச்சு. ஒண்ணுக்குப் போகணும்னா சீட்டு வாங்கணும்னு இருந்தது போச்சு. காய்ச்சல்னா லீவு. கூட்டத்துல நான்தான் மொழிபெயர்ப்பு. முதலாளி வந்திருந்தப்போ செண்பகம், "நாங்க மனுசங்க, ஊசி இல்ல"ன்னா. நான், "இவங்க ரொம்ப நன்றியோட இருக்காங்க"ன்னு இங்கிலீசுல சொன்னேன். சட்டுனு திரும்பி, "நான் சொன்னதை நீங்க சொல்லல"ன்னு தமிழ்ல சொன்னா. போனை வெச்சுக்கிட்டு அவளும் இங்கிலீசு கத்துக்கிட்டிருக்கா, எனக்குத் தெரியாம! அதுக்கப்புறம் ஜாக்கிரதையாத்தான் மாத்திச் சொல்லுவேன். அப்பவும் கொஞ்சம் வெல்லம் சேக்காம இருக்க முடியல.

எலின் மேடம் மறுபடி வந்தாங்க. செண்பகத்தைக் கட்டிப் புடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அந்தப் போட்டோ அவங்க கடைங்கள்ல எல்லாம் பெரிசா மாட்டியிருக்காம். பனி கொட்டுற ஊர்ல என் பெண்டாட்டி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்குப் பெருமை தாங்கல.

அடுத்த சீசன் ஆர்டர் பாதியாச்சு. அதுக்கடுத்த சீசன் ஆர்டரே இல்ல.

என்னன்னா, வேற ஒரு நாடாம், தையக்கூலி இதைவிடக் கம்மியாம். எந்த நாடுன்னு சொல்லல. செண்பகம் எலின் மேடத்துக்கு வீடியோவுல பேசினா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எங்க வீட்டு அடுப்படிதான், பின்னாடி குக்கர் விசில் அடிக்குது.

"நீங்க ஓட்டுப் போடச் சொன்னீங்க, போட்டோம். கமிட்டி வேணும்னீங்க, வெச்சோம். ஆர்டரை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு எங்ககிட்ட யாரும் ஓட்டுக் கேக்கலயே?"ன்னு கேட்டா.

அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாசாங்கு இல்ல, நெஜமாவே. அப்புறம், "அது வேற டிபார்ட்மென்ட்டு முடிவு பண்றது. என்கிட்டயும் கேக்கல"ன்னு சொன்னாங்க.

பாவமா போச்சு எனக்கு. அவ்வளவு பெரிய நாட்டுல, அவ்வளவு காலமா ஓட்டுப் போடுற நாட்டுல, அவங்களுக்கே ஓட்டு இல்லையே!

கம்பெனியை மூடுறோம்னு கேப்டன் சொன்னாரு. சட்டப்படி கொடுக்க வேண்டியதைப் பத்திப் பேச்சே இல்ல. பொண்ணுங்க எல்லாம் கேட்டுக்கு முன்னால உக்காந்துருச்சுங்க. செண்பகம் முதல் வரிசையில. கேப்டன் பழைய ஞாபகத்துல போலீசைக் கூப்புட்டுட்டாரு. லாரி வந்து நின்னுச்சு. தடியோட எறங்குறாங்க. கேப்டன் என்னைப் பாத்து, "மைக்கை எடு. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும்னு சொல்லு, இல்லாட்டி அடி விழும்னு சொல்லு"ன்னாரு.

எடுத்தேன். லாரிச் சத்தம் கேட்டு பின்வரிசையில நெறைய பேரு எழுந்து நின்னுட்டாங்க, ஓடுறதுக்கு. செண்பகம் மட்டும் அசையல. என்னைப் பாக்கக்கூட இல்ல, லாரியையே பாத்துக்கிட்டிருக்கா. நான் வாயைத் தொறந்தேன். என்ன வந்துச்சு தெரியுமா?

"எல்லாரும் உக்காருங்க! ஒண்ணும் இல்ல! எல்லாரும் உக்காருங்க!"

வாய் தவறி வந்துருச்சு தம்பி! சத்தியமா! பழக்கதோசம். ஆனா நின்னவங்க எல்லாம் உக்காந்துட்டாங்க. ரோடு பூராவும் உக்காந்துட்டாங்க. ஒவ்வொரு கையிலயும் போனு, லைவ் ஓடுது. போலீஸ் அதிகாரி சின்ன வயசு ஆளு, தொப்பியைக் கழட்டி வேர்வையைத் துடைச்சான், மேல யாருக்கோ போன் பண்ணினான், அப்புறம் எதிர்க்கடையில டீ குடிச்சுட்டு லாரியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பழைய காலமா இருந்தா? அங்கேயே சுட்டிருப்பாங்க. எண்பத்தெட்டுல மாணவங்க ஊர்வலத்துல சுட்டதை நான் பாத்திருக்கேன். இப்ப முடியுமா? உலகமே பாத்துக்கிட்டு இருக்கே! அதனாலதான் சொல்றேன், பட்டாளம் இனிமே திரும்பி வராது. எழுதி வெச்சுக்குங்க.

அந்த வீடியோ ஐரோப்பா வரைக்கும் போயி, கோட்டு கம்பெனிக்காரங்க வெக்கப்பட்டு, சேர வேண்டியதெல்லாம் எல்லாருக்கும் சேந்துச்சு. கம்பெனி மூடினது மூடினதுதான். கேப்டன் எடத்தை வேற யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டாரு. அவருக்கு என்ன, மண்ணு அவருது.

இதுல வேடிக்கை என்னன்னா, கமிட்டியோட காலம் முடியல. கம்பெனி இல்ல, கமிட்டி இருக்கு! செண்பகம் சொல்லிட்டா, நம்மளை மூடுறதுக்கு யாரும் ஓட்டுப் போடலன்னு. ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுல கூட்டம். பொண்ணுங்க இப்ப ஆளுக்கொரு கம்பெனியில இருக்குங்க. ஒவ்வொண்ணும் அங்க நடக்குறதை இங்க வந்து சொல்லும். டீ போடுறது நான்தான்.

போன மாசம் தீரி வந்து சொல்லுச்சு. அது இப்ப பெகுவுல ஒரு பை தைக்கிற கம்பெனியில இருக்கு. தோள் இன்னும் முழுசா மேல தூக்க வராது. "அமா, இங்கயும் பின்கதவுல பூட்டு"ன்னுச்சு. செண்பகம் எழுந்து புடவையைச் சரி பண்ணிக்கிட்டு, "வாங்க, போலாம்"னா. என்னைத்தான். மேனேஜரு வெளிநாட்டுக்காரன், நல்ல இங்கிலீசு வேணும்.

போனோம். சின்ன ரூம்பு, ஏசி, மேனேஜருக்கு மட்டும் நாற்காலி. செண்பகம் பேசினா. "அந்தக் கதவு பூட்டியிருக்கிற ஒவ்வொரு நாளும் நீங்க இந்தப் பொண்ணுங்களைக் கொல்லப் பாக்குறீங்க"ன்னா. நான் வாயைத் தொறந்தேன். வழக்கம்போல ஏதாவது நயமா வரும்னு பாத்தேன். தீரி கதவோரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒரு தோள் கொஞ்சம் எறங்கி. எனக்கு ஒண்ணும் நயமா வரல. அவ சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம சொல்லிட்டேன். சொன்னதும் என் காதே சூடாயிருச்சு.

மேனேஜரு முகம் செவந்து போச்சு. "அந்தம்மா யாருன்னு தெரியும், போட்டோ பாத்திருக்கேன். நீ யாரு?"ன்னு என்னைக் கேட்டான்.

நான் யாரு? சூப்பர்வைசர் வேலை போச்சு. கமிட்டியில இல்ல. மொழிபெயர்ப்புன்னு சொல்லலாம், அதுக்குச் சம்பளம் கெடையாது. என்ன சொல்றதுன்னு தெரியாம, "நான் அவங்களை எதிர்த்து நின்னு தோத்தவன்"னு சொன்னேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். அப்புறம் ஆளைக் கூப்புட்டு ரெண்டு நாற்காலி கொண்டாரச் சொன்னான்.

பூட்டு அன்னிக்கே தொறக்கல. இழுத்தடிச்சாங்க. மறுபடி போனோம், அப்புறம் தொறந்துச்சு. இப்ப அங்க கமிட்டி எலெக்சன் வைக்கணும்னு பேச்சு. செண்பகம் நேத்தே போயிட்டா. நான் இன்னைக்குப் போறேன். ஓட்டு எண்ணுறப்போ பக்கத்துல நிக்க அனுபவம் உள்ள ஆளு வேணுமாம்.

இதோ பெகு வந்துருச்சு. நீங்க இன்னும் உள்ள போகணும், கும்புடப் போற பீலிக்கான் தமிழ்க் கோயிலுக்கு இதே வண்டிதான், எறங்கிறாதீங்க. திரும்ப எப்ப வருவீங்க? அடுத்த வருசக் கடைசியில நாட்டுக்கு மறுபடி எலெக்சன். புதுப் பார்லிமென்ட்டு கூடுறது பிப்ரவரியில. போன தடவையும் அப்படித்தான். அப்ப வாங்க தம்பி. பட்டாளம் ஓரமா நின்னு பாக்க, ரங்கூன் பூரா கொண்டாட்டமா இருக்கும், குளிரும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. வீட்டுலேயே தங்கிக்கலாம். ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, பிப்ரவரி ஒண்ணாந்தேதி, மறந்துறாதீங்க.